மூங்கிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளாடு

1941-ஆம் வருஷம் ஆகஸ்ட் 25, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி. குமுளியில் ஊசிச் சாரல். எல்லைச் சாவடியின் மூங்கில் கம்பத்துக்கு இந்தப் பக்கம் பதினெட்டு மாடுகள் நின்றன. அவற்றில் மயிலையும் செவலையும் என் உழவு மாடுகள். அந்தப் பக்கம், திருவிதாங்கூர் மண்ணில், ஒரே ஒரு வெள்ளாடு.

கூடலூரில் வெக்கை நோய் புகுந்திருந்தது. வாய் புண்ணாகி, கழிந்து கழிந்து, ஒரு வாரத்தில் மாடு விழுந்துவிடும். எங்கள் தெருவில் நான்கு போய்விட்டன. எங்கள் மாட்டு டாக்டருக்கு வந்த மருந்து வழியிலேயே வெயில் பட்டுக் கெட்டிருந்தது. எல்லைக்கு அப்பாலிருந்த மலையாள டாக்டர், ஊசி போட்ட ஆடு ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், அதன் ரத்தமே மருந்து என்றும் சொல்லியனுப்பினார். நோயை ஆட்டுக்கு ஆடு மாற்றிக்கொண்டே போனால் அதன் வேகம் தணிந்துவிடுமாம். அந்த ரத்தம் கொஞ்சம் ஏறினால் மாடு லேசாகக் காய்ச்சல் கண்டு தப்பித்துக்கொள்ளும். வடநாட்டு மலையில் கண்டுபிடித்தது. ஆப்பிரிக்காவில் செய்து பார்த்தவர்கள் அச்சடித்து அனுப்பிய தாள்கள் அவர் கையில் இருந்தன. ரத்தம் மலையிறங்குவதற்குள் கெட்டுவிடும் என்பதால் மாடுகளை மேலே ஓட்டி வந்திருந்தோம்.

ஆனால் நோய்க் காலத்தில் கால்நடை எதுவும் எல்லை தாண்டக் கூடாதென்று உத்தரவு. சாவடிக் காவல்காரன் கம்பத்தைத் தூக்கவில்லை.

“ஆடு கடக்கான் பாடில்ல சாரே.”

“மருந்துய்யா அது!” என்றார் எங்கள் டாக்டர்.

“நாலு காலுண்டல்லோ.”

“ஆப்பிரிக்கா வரைக்கும் போயிட்டு வந்த வைத்தியம், இந்த மூங்கிலத் தாண்ட மாட்டேங்குது” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

உத்தரவில் ரத்தத்தைப் பற்றி ஒன்றுமில்லை. மலையாள டாக்டர் ஆட்டை அங்கேயே பிடிக்கச் சொல்லி, கழுத்தில் ரத்தம் எடுத்தார். உறையாமலிருக்கக் கண்ணாடி மணிகள் போட்ட சீசாவில் குலுக்கி, கம்பத்துக்கு மேலாக நீட்டினார். எங்கள் டாக்டர் வாங்கிக்கொண்டார்.

போடுமுன் ஒவ்வொரு மாட்டுக்கும் காய்ச்சல் பார்த்தார். நோய் ஏற்கெனவே ஏறிய மாட்டுக்கு ஊசியும் சேர்ந்தால் தாங்காது என்றார். மயிலைக்கு நூற்றொன்றரை, அது சரிதான் என்றார். செவலைக்கு நூற்று மூன்றரை.

“மலையேறுன சூடு” என்றேன்.

“மயிலையும் இதே மலதான ஏறுச்சு?”

என் மைத்துனன் குறுக்கே வந்தான். “மயிலைய ஓட்டுனது நானு. செவலைய மச்சான்ல ஓட்டுனாக. நேரமாச்சு நேரமாச்சுன்னு வால முறுக்குன முறுக்குல மாடு பறந்து வந்துச்சு டாக்டரய்யா.”

மலையாள டாக்டர் தாளைப் புரட்டினார். “நிழல்ல நிறுத்தி, வெள்ளம் காட்டி, ஒரு மணிக்கூர் பாக்கணும். நடந்த சூடு இறங்கும். நோய்ச் சூடு இறங்காது. ஆப்பிரிக்காவிலும் அப்படித்தான் செய்திருக்கு.”

செவலை தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மற்ற மாடுகளுக்கு ஊசி முடிந்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மலையிறங்கினார்கள். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு மானாவாரி நிலத்தை யார் உழுவது? புரட்டாசி மழை எனக்காகக் காத்திருக்காது. அசை போடுகிறதா என்று அதன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போடவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து நூற்று இரண்டேகால்.

“எறங்கியிருக்கு. முழுசா எறங்கல” என்றார் எங்கள் டாக்டர். “ஒங்க மாடு. நீங்க சொல்லுங்க.”

“போடுங்க” என்றேன். செவலையின் மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சீசா காலியாகியிருந்ததால் ஆட்டிடம் மறுபடி ரத்தம் எடுத்துப் போட்டார்கள். ஆடு படுத்துவிட்டது.

அதை மலையாள டாக்டரிடம் விட்டிருந்த சொந்தக்காரர், அந்தப் பக்கத்து டீக்கடைக்காரர், கம்பத்தடிக்கு வந்தார். சீக்கு ஆட்டை இனி யார் வாங்குவார், ஆறு ரூபாய் வையுங்கள் என்றார். ஊர்க்காரர்களில் அங்கே மிச்சமிருந்தது நானும் மைத்துனனும்தான். வைத்தேன்.

மூன்றாம் நாள் செவலைக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாள் வைக்கோலைத் தொடவில்லை. வாயைப் பிளந்து பிளந்து பார்த்தேன், புண் இல்லை. அதற்கடுத்த நாள் பக்கத்திலிருந்த மயிலையின் தீனியை இழுத்துத் தின்றது. புரட்டாசியில் இரண்டும் ஏர் பூட்டின.

பிறகு ஆட்டுக் காசுக்கு வீடு வீடாகப் போனேன். மாட்டுக்கு ஐந்தணா நாலு தம்பிடி. ஆறு மாட்டுக்கு வசூலானது. மற்றவர்கள், “ரெண்டாந் தடவ ரத்தம் எடுத்தது ஒங்க செவலைக்குத்தான? ஆடு படுத்ததும் அதுக்குத்தான?” என்று கதவடியிலேயே முடித்துவிட்டார்கள். வந்த இரண்டு ரூபாய் போக, எனக்கு ஆனது நான்கு ரூபாய்.