மதியத்துக்குள் எடுக்க வேண்டிய படங்கள்

நான் பார்ப்பது புகார் படிக்கும் வேலை. இணையதளங்களுக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் இருக்கிறேன். அலுவலகம் சென்னையில், நான் வேலை செய்வது காரைக்கால் தலத்தெருவில், எங்கள் வீட்டு மாடியறையில். எங்கள் சர்வரில் இடம் எடுக்கிற எல்லோரும் முதல் நாளே பயன்பாட்டு விதிகளுக்குச் சம்மதம் சொல்லியிருப்பார்கள். மோசடிப் பக்கம் நடத்தக்கூடாது, வைரஸ் பரப்பக்கூடாது, அடுத்தவருடைய அந்தரங்க விவரங்களை அவர் சம்மதம் இல்லாமல் போடக்கூடாது என்று அது பக்கம் பக்கமாகப் போகும். ஒருவரும் படிப்பதில்லை. புகார் வந்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவரும். புகார் உண்மை என்றால் நான் அறிவிப்பு அனுப்புவேன். கெடு முடிந்தும் சரி செய்யாவிட்டால் தளம் முடங்கிவிடும். அதை முடக்க நான் எதுவும் செய்யவேண்டியதில்லை. கணினியே செய்துகொள்ளும்.

ஆடி மாதத்தில் ஒரு காலை. கூட வேலை பார்ப்பவர் விடுப்பில் போனதால் அவர் பார்த்துக்கொண்டிருந்த புகார்கள் என் பக்கம் வந்திருந்தன. அதில் ஒன்றுக்கு அன்றைக்கு மதியம் கெடு. திறந்து பார்த்தேன். கருவாடு விற்கிற ஒரு சின்னத் தளம். மேலே நெத்திலி, வாளை, சுறாக் கருவாட்டுப் படங்கள். அதற்குக் கீழே, விலைப் பட்டியல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், நான்கு ஆண்களின் முகங்கள். "கடலுக்குப் போன எங்கள் ஆட்கள் திரும்பவில்லை. எங்காவது பார்த்தால் உடனே கூப்பிடுங்கள்." கூடவே நான்கு பேருடைய ஆதார் அட்டைகளின் படம், முன்னும் பின்னும். வீட்டு முகவரிகள். நான்கு வீட்டுப் பெண்களின் போன் நம்பர்கள். ஊர், திருவேட்டக்குடி.

என் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போகிற தூரத்தில் இருக்கிற ஊர். படகு காணாமல் போன செய்தி எனக்கும் தெரியும். காய்கறி வாங்கப் போன இடத்தில் பேசிக்கொண்டார்கள். ஃபைபர் படகு, எஞ்சின் பழுதாகியிருக்கலாம், மேற்கிலிருந்து வீசுகிற ஆடிக் காற்று வெளியே தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். தேடப் போன படகுகள் வெறுமனே திரும்பிவிட்டன.

புகார் கொடுத்திருந்தது அந்த நால்வரில் மூத்தவருடைய மகள். வெளியூரில் படிக்கிற பெண். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு மாறியிருந்தாள். அம்மாவின் நம்பருக்கு யார் யாரோ கூப்பிடுகிறார்கள். உன் புருஷன் எங்களிடம் இருக்கிறான், பணம் அனுப்பு என்கிறார்கள். ஒருவன் பிணம் ஒதுங்கிவிட்டது என்று சொல்லி, ஆதார் எண்ணை முழுதாக ஒப்பித்திருக்கிறான். அதைக் கேட்ட இடத்திலேயே அம்மா விழுந்துவிட்டாள். தளத்தை நடத்தும் அக்காவிடம் எடுக்கச் சொல்லிக் கெஞ்சியும் அவர் எடுக்கவில்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை. கடைசி வரி: "நான் சொன்னேன்னு தயவுசெய்து சொல்லிடாதீங்க."

விதி அவள் பக்கம் இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கெடு வந்தால் ஆதார் படம் மட்டும் போகாது. நான்கு முகங்களும், படகின் பதிவு எண்ணும், எல்லாமே போய்விடும். அனுப்பிய அறிவிப்பு ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. பதிவில் இருந்த போன் நம்பரைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் போட்டிருந்த மற்ற நம்பர்களும் கிடைக்கவில்லை. மேலாளரை அழைத்தேன்.

"ஊரு எனக்குப் பக்கத்துலதாங்க. நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"வாடிக்கையாளரை நேர்ல பாக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? நாளைக்கு அவங்க ஏதாவது பிரச்சினை பண்ணா கம்பெனிதான் மாட்டும்" என்றார் அவர்.

"கெடுவையாவது தள்ளி வைக்கலாமா?"

"அந்த நம்பருக்கெல்லாம் இப்பவும் போன் போய்க்கிட்டிருக்கு. தள்ளி வச்சா அந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

போனை வைத்துவிட்டு ஸ்கூட்டி சாவியை எடுத்தேன்.

நான் போலகத்தில் நெல் விவசாயம் செய்கிற வீட்டில் பிறந்தவள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் மீனவர் தெருக்களுக்குள் போய்ப் பழக்கமில்லை. வலை காய்கிற மணலைத் தாண்டி விசாரித்துக்கொண்டு போனபோது, ஒரு ஓலைக் கொட்டகையின் கீழ் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். சேதி கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கண்களை எதிர்கொள்ள முடியாமல், "நான் கவர்மெண்ட் ஆளு இல்லீங்க, இணையதளம் விஷயமா வந்திருக்கேன்" என்று அவசரமாகச் சொன்னேன். ஒரு பெண் மட்டும் முன்னால் வந்தார். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பார். காணாமல் போன நால்வரில் படகோட்டியின் மனைவி. கருவாட்டுத் தளம் அவருடையது.

விஷயத்தைச் சொன்னேன். ஆதார் படங்களையும், மற்ற வீட்டு நம்பர்களையும், முகவரிகளையும் மதியத்துக்குள் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் தளமே முடங்கிவிடும்.

"யாரு சொன்னா?" என்றார்.

"அத நான் சொல்லக்கூடாதுங்க."

"யாரோ சொன்னாங்கன்னு எங்க ஆளுங்க மொகத்த அழிச்சிடுவீங்களா? ஆந்திராவுல ஒதுங்கலாம், ஒடிசாவுல ஒதுங்கலாம். பேச்சு மூச்சு இல்லாம ஒதுங்கினா யாரு என்னன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் ஆதாரப் போட்டேன். ஒரு நம்பரு எடுக்கலன்னா இன்னொரு நம்பருக்குப் போடுவாங்க. இதுல என்னா தப்பு?"

"மொகம் இருக்கட்டும்ங்க. படகு நம்பரும் இருக்கட்டும். ஒங்க நம்பர் ஒண்ண மட்டும் வச்சுக்கலாம். ஆதார வச்சு ஏமாத்துறவங்க இருக்காங்க."

"ஏமாத்தினா ஏமாத்திட்டுப் போறான். இனிமே எங்கிட்ட என்ன இருக்கு எடுத்துட்டுப் போக?"

கூட்டத்தில் ஒருவர், "ஏங்க, இந்த நேரத்துல வந்து சட்டம் பேசுறீங்களே" என்று என்னைப் பார்த்து சத்தம் போட்டார். மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த போனில் அந்தப் புகாருக்கு எதிரே, கெடு முடியப்போவதைக் காட்டும் சிவப்பு நிறம் வந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் ஓரமாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவின் மடியில் போன் அடித்தது. அவர் அதைத் தொடவில்லை. திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். இவர்தான் புகார் கொடுத்த பெண்ணின் அம்மா என்று எனக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் எதுவும் தெரிந்துவிடாமல் நிற்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"எடு அக்கா, ஏன் எடுக்கல?" என்றார் படகோட்டியின் மனைவி.

"அவனுங்கதான்" என்றார் அந்த அம்மா. "ரெண்டு மூணு நாளாவே அவனுங்கதான். ஒனக்குத்தான் சொன்னாப் புரியல."

படகோட்டியின் மனைவியே போய்ப் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். ஒரு ஆண் குரல், நிதானமாக, படித்தவன் பேச்சு மாதிரி இருந்தது. நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு உடனே அனுப்பினால் பேச வைக்கிறேன் என்றான். நால்வர் பெயரையும் வரிசையாகச் சொன்னான். பெயரைக் கேட்டதும் பின்னால் இருந்த ஒரு பெண் அழ ஆரம்பித்தார். ஒரு நொடி எனக்கே உண்மையாக இருக்குமோ என்று தோன்றியது.

படகோட்டியின் மனைவி அழவில்லை. "எங்க வீட்டுக்காரரு பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்காரும்மா. மயக்கத்துல இருக்காரு."

"அவரு வலது கையில எத்தனை வெரலு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"அதெல்லாம் எண்ணிக்கிட்டிருக்க நேரமில்ல. பணம் அனுப்புறியா இல்லியா?" என்றான். குரல் மாறிவிட்டிருந்தது. பிறகு மிகவும் அசிங்கமான ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

முன்பு விசைப்படகில் போனபோது, வலை இழுக்கும் விஞ்சில் சிக்கி அவருக்கு ஒரு விரல் போனது என்று பிற்பாடு எனக்குச் சொன்னார்கள். ஆதார் படத்தில் விரல் தெரியாது.

அவர் போனை அந்த அம்மாவின் மடியிலேயே வைத்துவிட்டு, பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "எதெத எடுக்கணும்? வாங்க, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த சிக்கல் அங்கேதான். தளத்துக்குள் நுழைய பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். ஆனால் ஓடிபி கணவரின் நம்பருக்குத்தான் போகும். அந்த போன் படகில் இருந்தது. இதுவரை வீட்டு டேப்லெட்டில் தளம் திறந்தே கிடந்ததால் படங்களை ஏற்ற முடிந்திருக்கிறது. முந்தைய நாள் அது தானாகவே அவரை வெளியே தள்ளிவிட்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து முயன்றோம். ஆறு இலக்க எண்ணை அனுப்பிவிட்டோம் என்று திரையில் வந்தது. அந்த எண் கடலில் எங்கேயோ இருக்கிற, அனேகமாகச் செத்துப்போன ஒரு போனுக்குப் போயிருந்தது. அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளரை மறுபடி அழைத்தேன். நான் அங்கே நிற்கிறேன் என்றதும் அவருக்குக் கோபம் ஏறியது. "அந்தப் படங்கள மட்டும் நாம எடுத்துடலாங்க" என்றேன்.

"வாடிக்கையாளர் போட்டதுல நாம கை வைக்கிறதில்ல. முழுசா முடக்கலாம், இல்லன்னா விட்டுடலாம். நடுவுல ஒண்ணும் கிடையாது."

"அவங்களே எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தா?"

அவர் யோசித்தார். "பதிவு செஞ்ச மெயில்லேருந்து வரணும். எந்தப் படம், எந்த வரின்னு தெளிவா இருக்கணும். சர்வர் ஆளுங்க சாப்பாட்டுக்குப் போயிருப்பாங்க, உறுதியாச் சொல்ல முடியாது."

அந்த மெயில் படகோட்டி மனைவியின் போனில் இருந்தது. திறந்தால் எங்கள் அறிவிப்புகள் எல்லாம் படிக்காமலே வரிசையாகக் கிடந்தன. அவர் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து, தமிழில், ஒற்றை விரலால் தட்டினார். எங்கள் ஆதார் படங்களை எடுத்துவிடுங்கள். மற்றவர்கள் நம்பரையும் முகவரியையும் எடுத்துவிடுங்கள். என் நம்பர் இருக்கட்டும். ஆட்கள் படத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கடைசி வரியை இரண்டு முறை எழுதியிருந்தார். நான் திருத்தவில்லை. சிக்னல் போய்ப் போய் வந்தது. மெயில் போய்ச் சேருவதற்குள் மதியம் ஆகிவிட்டது.

தளம் முடங்கியது. ஒரு பெண் தன் போனைத் தூக்கிக் காட்டினார். வெள்ளைத் திரை. "இந்தத் தளம் தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது" என்ற ஒரே ஒரு வரி. முகங்கள் இல்லை. பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "போயிடுச்சே, எல்லாம் போயிடுச்சே" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். இது தானாக நடந்தது, திரும்ப வந்துவிடும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. சென்னையில் யாரோ சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்காரும் வரை நான் அந்த மணலில் நின்றே ஆகவேண்டும். படகோட்டியின் மனைவி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதலுக்கா, நான் கிளம்பிப் போய்விடாமல் இருக்கவா என்று தெரியவில்லை. பிடி வலித்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது பக்கம் திரும்ப வந்தது. நான்கு முகங்கள், படகு எண், ஒரே ஒரு போன் நம்பர். அந்த வயதான அம்மா எழுந்து வந்து, அடுத்தவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தன் கணவரின் முகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் படகு கிடைத்தது. ஆந்திரக் கரையோர மீனவர்கள் நடுக்கடலில் பார்த்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்கள் யாரும் தளத்தைப் பார்க்கவில்லை. கரையேறியதும் படகோட்டி மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைச் சொல்லிப் போட்டிருக்கிறார். அது அவர் மனைவியின் நம்பர். புது நம்பர் என்றதும் இவர் முதலில் நம்பவில்லையாம். பேசுகிற குரலைக் கேட்ட பிறகும், வலது கையைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் அழுதாராம். எனக்கு அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். நால்வரும் உயிரோடு வந்தார்கள். மூத்தவர் மட்டும் உடம்பு தேற மாதக்கணக்கில் ஆனது.

அவருடைய மகள் எங்களுக்குப் பதில் எழுதினாள். "அப்பா வந்துட்டாங்க. இப்ப போன் வர்றதில்ல." புகாரை முடித்து வைத்தேன். அன்று பேசியவன் யார் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. காவல் நிலையத்தில் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மறுநாள் மேலாளர் கூப்பிட்டு வேறு ஏதோ புகாரைப் பற்றிப் பேசினார். வைக்கும்போது, "அந்தப் படகுல போனவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார்கள், மூத்தவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார் என்றேன்.