பாட்டில் நான் விட்ட இடம்

இந்த ஜெர்மன் ஊர் ஆஸ்பத்திரியில் என்னை என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் என் பேருக்குப் பின்னால் அவர் பேர் இருக்கிறது; இவர்களுக்கு அதுதான் என் பேர். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் அவரோடு வாழ்ந்த காலமெல்லாம் ஒருதரம்கூட என் வாயில் வராத பேர் அது. இங்கே நர்ஸ் பெண் சத்தமாய்க் கூப்பிடுகிறாள், நான் எழுந்து போகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். இதிலும் அந்தப் பேரை எழுதமாட்டேன்.

அவர் போய்ச்சேர்ந்தபின் மகள் என்னை இங்கே கூட்டிவந்தாள். வந்த நாளாய் ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. அவர் குரல் எங்கேயாவது இருக்க வேண்டுமே என்ற நினைப்புதான். ஒரே ஒரு தடவை அது டேப்பில் ஏறியது. இட ஒதுக்கீடு கேட்டு, மலைக்குக் கீழே கீழ்நாட்டுச் சனங்கள் ரோட்டுக்குக் குறுக்கே மரம் வெட்டிப் போட்ட சமயம். அடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்குப் பஸ் இல்லை. மலைக்குப் பாட்டுப் பிடிக்க வந்த ஒரு ஜெர்மன்கார அம்மாள் இறங்க வழியில்லாமல் எங்கள் வீட்டில் தங்கினாள். சாமை அறுத்து முடித்துப் பாடும் கதைப்பாட்டைப் பாடச் சொன்னாள். அந்தக் கதையின் வீரனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே பேர். அதனால் பேர் வரும் இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். அவர் பேரைச் சொல்வார். நான் அடுத்த அடியை எடுப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரி விடமாட்டாள். "இன்னாம்மே, பேர சொன்னா வாயி வெந்துடுமா?"

"அவளே சொல்லிட்டா எனக்கு இன்னா வேல? சோத்துக்குத்தான் குந்திக்கினு கீறனா?" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். அந்தச் சிரிப்பும் டேப்பில் ஏறியது. ரோடு திறந்துவிட்டதென்று ஜீப் வர, எங்கள் பேரைக்கூடக் கேட்காமல் அந்த அம்மாள் கிளம்பிவிட்டாள்.

பழைய ஒலிப்பதிவுகளை வைத்திருக்கும் இடத்தை இங்கே ஆர்க்கீஃப் என்கிறார்கள். மகள் ஒவ்வொன்றுக்காய் போன் போட்டுச் சலித்துப்போனாள்.

"அந்தம்மாவே செத்துட்டாங்களாம்மா."

"அவ செத்தா டேப்புமா சாவும்? தேடுடீ."

கடைசியில் ஒரு ஆர்க்கீஃபில் இருந்தது. ஆனால் அங்கிருந்த பெண் பிரதி தரமுடியாது என்றாள். 'கல்வராயன் மலை, பேர் தெரியாத கணவன் மனைவி' என்று பெட்டிமேல் எழுதியிருக்கிறதாம். குடும்பத்தார்தான் என்று காட்டவேண்டுமாம். எங்களுக்கா பேர் தெரியாது? போட்டுக்காட்டச் சொன்னேன். டேப்பு பாட, கூடவே நானும் பாடினேன். டேப்பில் என் குரல் நின்ற இடத்தில் நானும் நிறுத்தினேன். அவர் பேரைச் சொன்னார்.

அந்தப் பெண் இரக்கப்பட்டு மகளிடம் ஏதோ கேட்டாள். "அந்த எடம் உனக்கு மறந்துபோச்சான்னு கேக்கறாங்கம்மா."

"மறக்கறதா? நானா?"

பாஸ்போர்ட்டை மேஜைமேல் விரித்து அவர் பேர்மேல் விரலை வைத்தேன். "திரும்பப் போடச் சொல்லுடீ." திரும்பவும் அவர் சொன்னார். அந்தப் பெண் என் விரலைப் பார்த்தாள். மகள் எடுத்துச் சொன்னாள். பிரதியை என் கையில் கொடுக்கும்போது அந்தப் பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது வீட்டில் தினமும் அவர் பேசுகிறார். போன வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் அந்தப் பேரைக் கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, நான் அடுத்த அடியைப் பாட ஆரம்பித்திருந்தேன்.