பாக்கியம் மதினி நிறுத்திய குளிசை

செய்தி வந்தபோது நான் ஸ்டோரில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தேன். மதினியின் மகள் வனிதாதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள். "அத்தை" என்றாள். பிறகு அழுகைதான் கேட்டது. பக்கத்தில் இருந்த பெண்களிடம், "பாக்கியம் மதினி போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொருத்தியாகச் சுளகைக் கீழே வைத்தார்கள்.

நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பொய்யில்லை, ஆனால் முழுசும் அது இல்லை. அதனால்தான் மதினியின் முதல் வருசத் திவசத்துக்கு வரப்போகும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழைகளை வனிதா திருத்தினாள். எழுத வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

மதினி என்றால் சொந்த மதினி இல்லை. அவர் வீட்டுக்காரர் எங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், அண்ணன் முறை. அந்த முறையை வைத்துக்கொண்டு நான் மதினியைச் செய்யாத கேலியில்லை. மாத்தளை டவுனில் அவர் புதுச் சேலை கட்டிப் போனால், "யாரு வீட்டுக் கல்யாணத்துக்கு மதினி சொல்லாம கொள்ளாமப் போறீங்க?" என்று ரோட்டின் அந்தப் பக்கமிருந்து கத்துவேன். அவரும் விடமாட்டார். "ஒன்னைய மாதிரி ஆளு வரக்கூடாதுன்னுதான்டி சொல்லல" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு மழைக்காலத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வீட்டில் சண்டையில்லை, சாவில்லை, ஒரு காரணமும் இல்லை. விடியும் முன்னே முழிப்பு வந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, கை குளிர்ந்து போய்விடுமாம். "பஸ்ஸ விட்டுட்ட மாதிரி ஒரு பதறல் சரசு. எந்த பஸ்ஸுன்னு கேட்டா தெரியாது" என்றார். பிறகு பதறலும் போய், ஒன்றும் இல்லாமல் ஆனார். ஸ்டோரில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு மிளகையே பார்த்துக்கொண்டிருப்பார். அக்கம்பக்கத்தில், "மனசத் தைரியமா வச்சிக்கங்க" என்றார்கள். அதற்கு மதினி சொன்னதை நான் மறக்க மாட்டேன். "வைக்கிறதுக்கு மனசு என் கையில இருந்தா வச்சிருக்க மாட்டேனா?"

பெரியாஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போனேன். வாசலில் நின்றுவிட்டார். தெரிந்தவர் யாராவது பார்ப்பார்களோ என்ற பயம். "பார்த்தா என்னையக் கூட்டிட்டு வந்தேன்னு சொல்லுங்க, எல்லாரும் நம்புவாங்க" என்றேன். உள்ளே வந்தார். உள்ளே இருந்த டொக்டரம்மா, நோனா என்றுதான் எல்லாரும் சொல்வோம், சிங்களமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார். இது பெனடோல் மாதிரி வலிக்கிற அன்றைக்கு மட்டும் போடுகிற மருந்து இல்லை. தினமும் போட வேண்டும். முதலில் வயிற்றைப் பிரட்டும், பிறகு பழகும். மனசு தெளியச் சில கிழமை, ஒரு மாதம்கூட எடுக்கும். தெளிந்தாலும் தானாக நிறுத்தக்கூடாது, நிறுத்தும் நேரம் வரும்போது அவரே பார்த்துக் குறைப்பார். கொடுத்தது பச்சையும் மஞ்சளுமாகக் கூடு போட்ட குளிசை.

சொன்னபடிதான் நடந்தது. வயிறு பிரட்டியது. "ஒன் டொக்டரும் நீயும்" என்று என்னைத் திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஒரு மாதம் கடந்திருக்கும். லக்கலப் பக்கமிருந்து வந்த மிளகு மூட்டையைப் பிரித்ததும் எனக்குத் தும்மல் மேல் தும்மல். அடுத்த வரிசையிலிருந்து மதினி, "கோடையிடி மாதிரித் தும்முறா. யாராவது அவ மூக்குக்கும் ஒரு சாக்குப் போட்டுக் கட்டுங்க" என்றார். ஸ்டோரே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். தும்மல் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

சுகமானால் மாசித் திருவிழாவில் பால்குடம் எடுப்பதாக அம்மனுக்கு நேர்ந்திருந்தார். காப்புக் கட்டினால் நம்மவர்கள் எப்படி இருப்போம் என்று உங்களுக்குத் தெரியும். கவுச்சி வீட்டுக்குள் வராது, சட்டிபானைகூட வேறு. ஸ்டோரில் வேலை செய்யும் ராஜேஸ்வரி ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், அந்தக் குளிசைக் கூட்டை மாட்டெலும்பில் செய்வதாம் என்று எங்கேயோ கேட்டதைச் சொல்லியிருக்கிறாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மதினி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மஞ்சள் கயிறு கையில் ஏறிய அன்றே குளிசையை நிறுத்திவிட்டார்.

எனக்குத் திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த பிறகுதான் தெரியும். "நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கேன், இனி எதுக்கு?" என்றார். நல்லாத்தான் இருந்தார். அதுதான் எங்களை ஏமாற்றியது. அந்த மருந்து உடம்பை விட்டு மெல்ல மெல்லத்தான் இறங்குமாம், நிறுத்திய அன்றே தெரியாதாம். கிளினிக்குக்குப் போவோம் என்று நானும் வனிதாவும் கெஞ்சினோம். "அம்மா சுகப்படுத்திட்டா. திரும்பப் போனா அவள நம்பலைன்னு ஆகும்" என்றார். கோயில் பூசாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் வீட்டுக்கே வந்து, "மருந்து வேணாம்னு அம்மா எப்பத் தாயி சொன்னா?" என்று கேட்டார். மதினி தலையாட்டினார். ஆனால் போகவில்லை.

சித்திரை கழிந்து எல்லாம் திரும்பி வந்தது. முன்பைவிட மோசம். சாப்பாட்டையும் விட்டுவிட்டார். வாடகைக்கு ஒரு வான் பிடித்து ஏற்றித்தான் கொண்டுபோனோம். டொக்டர் நோனா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "கேட்டிருக்கலாமே அம்மா. கூடு இல்லாமல் வெறும் வில்லையாகவும் மருந்து இருக்கு. மாத்தித் தந்திருப்பேன்" என்றார். நான் மதினியைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்பதைக் கேட்டுக்கொண்டு அங்கே நின்றதுபோல நான் எங்கேயும் நின்றதில்லை. வார்டில் இருக்கச் சொன்னார், மதினி மறுத்துவிட்டார். வில்லையை வாங்கிக்கொண்டு, சாப்பிடாவிட்டால் உடனே கொண்டுவர வேண்டும் என்ற சொல்லோடு வந்தோம்.

மறுபடியும் முதலிலிருந்து காத்திருப்பு. வேலை விட்டதும் நேரே போவேன். கஞ்சியை ஆற்றி வைத்துக்கொண்டு, தெரிந்த கேலியையெல்லாம் அவிழ்த்துவிடுவேன். ஒரு நாள் என் கையைப் பிடித்தார். "நீ சொல்றது சிரிப்புன்னு தெரியுது சரசு. சிரிக்கிற எடம்தான் எங்க இருக்குன்னு தெரியல."

"குளிசை வேல செஞ்சா தெரியும் மதினி. போன தடவ செஞ்சிச்சே. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"அது வரைக்கும் நான் எங்க இருக்கிறது?"

கஞ்சிக் கிண்ணத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் போனதும் வார்டில் சேர்த்தோம். ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். பட்டினி கிடந்த உடம்பில் சளிக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. குளிசை வேலை செய்யத் தொடங்கியிருக்குமோ என்னவோ, தெரியாது. பார்க்கக் கிடைக்கவில்லை.

ராஜேஸ்வரி இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் அவளைக் குறை சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது இந்த மருந்து போட்டால், விரதமோ காப்போ வரும்போது முதலில் டொக்டரிடம் போய்க் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். இதை மதினி இருக்கும்போது தெரிந்துகொள்ளக் கிடைக்கவில்லை.

மதினியிடமிருந்து எனக்கு மிஞ்சியது, "அது வரைக்கும் நான் எங்க இருக்கிறது?" என்ற அந்தக் கேள்விதான். பதில் இன்னும் கிடைக்கவில்லை. வனிதாவுக்கு இப்போது தூக்கமில்லை, அதே கிளினிக்குக்குத்தான் போகிறோம். அங்கே யாராவது, "குளிசை போட்டும் இன்னும் கேட்கலையே" என்று சொன்னால், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.