பழசாவது மிஞ்சும்

அலுவலகத்தில் அவளுக்குக் 'கமிட் அக்கா' என்று பெயர். ஆஸ்பத்திரிகளுக்கு முன்பதிவு இணையதளம் எழுதிக்கொடுக்கும் வேலை. டேட்டாபேஸில் எதை மாற்றினாலும், 'கமிட்' என்று ஒரு வரி எழுதும்வரை அது வெறும் பேச்சுவார்த்தைதான். எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது. அந்த வரியை யாராவது தப்பான இடத்தில் போட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அன்று மாட்டியவர் பக்கத்து மேஜைத் தாடிக்காரர். ஒரு நோயாளி தேதியை மாற்றக் கேட்டிருந்தார். தாடிக்காரர் எழுதிய பைத்தான் நிரல் பழைய தேதியை ரத்து செய்து, உடனே கமிட் போட்டுவிட்டு, அப்புறம்தான் புதிய தேதியைத் தேடியது. அது கிடைக்கவில்லை. நோயாளிக்கு இரண்டும் போயிற்று.

"ரெண்டு வேலையும் முடிஞ்சப்புறம் கடைசியில ஒரே கமிட் போடணும். நடுவுல சொதப்பினா பழசாவது மிஞ்சும். இதுகூடத் தெரியாம இத்தனை வருஷம் என்னத்தக் குப்பை கொட்டினீங்க?"

தாடிக்காரர் வாய் திறக்குமுன் அவளுடைய போன் அடித்தது. கணவன்.

"வீட்டுக்காரர்கிட்ட காலி பண்றோம்னு சொல்லிட்டேன்."

"புது வீடு முடிவாயிடுச்சா?"

"அதை வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம்."

"அப்ப ஓடிப்போய், காலி பண்ணலைன்னு சொல்லுங்க!"

"சொன்னேனே. இங்கயும் வேற ஆள் வந்தாச்சாம்."

போனை வைத்தாள். தாடிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தாடியை மட்டும் தடவிக்கொண்டார்.

"சிரிக்காதீங்க," என்றாள். "உங்க வீட்டு மாடி காலியாத்தானே இருக்கு?"