ஞானாம்பாளின் கெண்டைக்கால்

ராஜாராமனுக்கு ஜான்சி மேல் பொறாமை. வெளியே சொன்னால் சேலையூரே சிரிக்கும். ஆடிட் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர், பேரன் எடுத்தவர், காலுக்கு மசாஜ் செய்ய வரும் பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுவதாவது! ஆனால் பட்டார்.

அவர் மனைவி ஞானாம்பாள் கிழக்குத் தாம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் காலமெல்லாம் நின்றுகொண்டே கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். ரிட்டயர் ஆன பிறகு கெண்டைக்காலும் குதிகாலும் பழி தீர்த்துக்கொண்டன. பெரிதாக ஒன்றுமில்லை, மசாஜ் செய்துகொண்டால் நல்லது என்றார் டாக்டர். பம்மலிலிருந்து ஜான்சி வந்தாள். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, எண்ணெய் தொட்டு, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீவிவிடுவாள். கதவுக்கு வெளியே பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ராஜாராமன் காதில் "அப்பாடா" என்று விழும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த "அப்பாடா"வை அவர் ஒரு தடவைகூடச் சம்பாதித்ததில்லை. அதற்காக ஏங்கினார், வெட்கமில்லாமல் ஏங்கினார்.

அந்த ஜான்சிக்குச் சிறுசேரியில் ஒரு கம்பெனிக்குள்ளேயே, அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு மசாஜ் செய்யும் வேலை கிடைத்துவிட்டது.

"இனிமேட்டு வர முடியாது சார். நீங்களே கத்துக்கங்க. இன்னா பெரிய வித்தை கீது அதுல? எலும்பு மேல அமுக்காம சதைய மட்டும் புடிங்க."

தன் காலிலேயே பழகிப் பார்த்தார். உள்ளுக்குள் ஒரே குஷி.

ஞானாம்பாளோ காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஆம்படையான் கையால காலைப் பிடிச்சுக்கறதா? பாவம்னா! நரகத்துக்குத்தான் போவேன்."

"நானும் கூடவே வரேன்."

"விளையாடாதேங்கோ."

சில நாள் பிடிவாதம் நீடித்தது. ஒரு மத்தியானம் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டதில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ராஜாராமன் அனுமதி கேட்கவில்லை. எண்ணெயை எடுத்துவந்து காலடியில் உட்கார்ந்துவிட்டார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தக் காலை அவர் அதுவரை சரியாகப் பார்த்ததுகூட இல்லை. குதிகாலில் வெடிப்பு, விரலில் மெட்டி அழுந்திய தழும்பு. நீவ நீவச் சதை இளகியது.

"அப்பாடா."

வந்தே விட்டது! மனிதர் இன்னொரு காலையும் எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

அவர் எழுந்ததும் அவளும் கட்டிலைவிட்டு இறங்கினாள். அவர் காலில் விழுந்து நமஸ்காரம் செய்யாமல் அந்தப் பாவம் தீராதாம். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மண்டியிட்டுக் குனிந்தாள். குனிந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. இளகிய கால் மறுபடி பிடித்துக்கொண்டது. தூக்கி உட்காரவைப்பதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மறுநாளும் இதே கூத்து. அவள் காலில் விழ முடியாதபடி மடக்கிச் சம்மணமிட்டுப் பார்த்தார். அவர் எழுந்திருக்கும்வரை காத்திருந்து விழுந்தாள்.

அவளோடு சண்டை போட்டு ஜெயித்த சரித்திரம் அவருக்குக் கிடையாது. ஜான்சிக்குப் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமையாவது வந்துட்டுப் போம்மா."

"சர்ச் முடிஞ்சி வரேன் சார். ஏன், உங்களுக்குக் கை பழகலியா?"

"இல்லைம்மா. எனக்கு அது வரலை."

உள்ளேயிருந்து ஞானாம்பாளின் குரல் கேட்டது. "ஏன் பொய் சொல்றேள்? நன்னாத்தானே வந்தது."