நான்கு மூலையும் தொட்டுப் பார்த்த அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார்.

"பத்து வருசத்துக்கு மேல அவரோட பேசாம இருந்தவ நான். என்னப் போயி எழுதச் சொல்றியே அண்ணி?" என்றேன்.

"அதனாலதான் சொல்றேன் அம்சா. நல்லவரு, வல்லவருன்னு யாரு வேணா எழுதுவாங்க. நீ நடந்தத எழுது" என்றார்.

அண்ணன் நெமிலிச்சேரியில் பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். காசநோயில் அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பதினைந்து வயது. பள்ளியை விட்டுவிட்டு, அம்பத்தூரில் பேருந்துகளுக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையில் சேர்ந்தார். முன்பக்கக் கண்ணாடி மாட்டுவது அவர் வேலையாயிற்று. என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். அதே பட்டறையில் தம்மோடு வேலை செய்த தனசேகருக்கு என்னை மணம் முடித்துக் கொடுத்தவரும் அவரே. இருவரும் "மச்சான், மச்சான்" என்று ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

அந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேருந்தின் முன் கண்ணாடி ஒரு கதவு அளவு இருக்கும். அதன் ஓரம் முழுக்க ரப்பர் பட்டையை மாட்டி, பட்டையின் பள்ளத்துக்குள் மெல்லிய கயிற்றைச் சுற்றி விடுவார்கள். சோப்புத் தண்ணீர் தடவிய பிறகு, வெளியே இருவர் கண்ணாடியைத் தகரச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பர் சட்டத்தின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். கடைசி மூலை உட்காரும்வரை வெளியே இருப்பவர்கள் கையை எடுக்கக் கூடாது. அந்தப் பட்டறையில் ஏறி நிற்க எண்ணெய் டிரம்கள்தான் இருந்தன. கைக்கு உறைகூடக் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு பகல். மாலைக்குள் வண்டியை அனுப்பியாக வேண்டும் என்று முதலாளி பக்கத்திலேயே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கயிறு இழுத்தவர் அண்ணன். வெளியே பிடித்த இருவரில் ஒருவர் என் கணவர். "உக்காந்துச்சு, கைய எடு" என்று குரல் வந்ததும் இருவரும் கையை எடுத்தார்கள்; என் கணவர் டிரம்மிலிருந்து இறங்கினார். மேல் மூலை ஒன்று உட்காரவில்லை. கண்ணாடி மேலிருந்து சாய்ந்து சரிந்து, அதன் விளிம்பு அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது. அண்ணன் தம் சட்டையைக் கழற்றி அழுத்திப் பிடித்தபடி ஆட்டோவில் கொண்டு போனார். மருத்துவமனை வாசலை எட்டும் முன்பே உயிர் பிரிந்துவிட்டது. எங்கள் மகள் கலாவுக்கு அப்போது மூன்று வயது.

டிரம் சறுக்கிவிட்டது என்றே ஊரெல்லாம் பேசியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பின், அண்ணன் மட்டும் வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"டிரம்மு சறுக்கல அம்சா. நான்தான் கைய எடுன்னு சொன்னேன். மேல் மூலைய பாக்காமலே சொன்னேன்."

அவர் சொல்லியிருக்காவிட்டால் இன்றுவரை எனக்குத் தெரிந்திருக்காது. நான் அழவில்லை. "இனிமே இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்காத" என்றேன். அவர் எழுந்து போனார். நான் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் தையல் வேலைக்குச் சேர்ந்து மகளை வளர்த்தேன்.

அதன்பின் பட்டறையில் நடந்ததை அண்ணி சொல்லித்தான் அறிந்தேன். கைப்பிடி வைத்த பலகை மேடை வேண்டும், தோல் உறை வேண்டும், கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துத் தூக்கும் ரப்பர் கப்புகள் வேண்டும் என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

"கண்ணாடி மாட்றியா, கோயில் கட்றியா?" என்றாராம் முதலாளி.

"ஆளு உசுரோட ஊட்டுக்குப் போனா போதும் மொதலாளி. இது இல்லாம நான் கண்ணாடிய தொட மாட்டேன்" என்றாராம் அண்ணன். அன்றோடு வேலை போயிற்று. சில வருடம் கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, பூந்தமல்லியில் கூரை போட்ட ஓர் இடத்தில் சொந்தமாகக் கண்ணாடி மாட்டத் தொடங்கினார்.

கலா பெரியவளானபோது தாய்மாமனுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. அவராகவே சீர்த் தட்டோடு வந்து, வாசல் ஏறாமல் எதிர்ச் சாரியில் வெயிலில் நின்றார். உறவினர் பலர் கெஞ்சினார்கள். நான் உள்ளேயே இருந்தேன். கடைசியில் கலா எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள். அன்று பார்த்தவர்கள் பலர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். நான் செய்தது தவறு.

மறுவாரம் தட்டைத் திருப்பிக் கொடுக்கவென்று பூந்தமல்லிக்குப் போனேன். ஒரு லாரிக்குக் கண்ணாடி ஏறிக்கொண்டிருந்தது. கப்பு வைக்கும் இடத்தை ஈரம் போக அவரே துடைத்தார். கூரையிலிருந்து ஒரு நாடா இறங்கிக் கண்ணாடியைத் தாங்கியது. கீழே யாரும் நிற்கவில்லை. உள்ளேயிருந்தவர், "உக்காந்துச்சுண்ணாத்தே!" என்று குரல் கொடுத்தார். "யாரும் கைய எடுக்காத" என்று சொல்லிவிட்டு அண்ணன் மேடையில் ஏறி, நான்கு மூலையையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் விடச் சொன்னார். இறங்கித் திரும்பியவர் என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அன்னிக்கு ஏன் பாக்கல?" என்றேன். பத்து வருடத்துக்குப் பின் நான் பேசிய முதல் பேச்சு அது.

"அவசரம்மா. அந்தாளு கத்திகினே இருந்தாரு. வேற பதிலு என்கிட்ட இல்ல."

தட்டை அவரிடம் கொடுக்காமலே திரும்பினேன். அதன்பின் அவர் வந்தால் சோறு போடுவேன், அதிகம் பேசமாட்டேன்.

மூன்று வருடம் கழித்து அவருக்கு இரைப்பையில் புற்று என்றார்கள். அறுவை செய்யும் கட்டம் தாண்டிவிட்டிருந்தது. அண்ணியும் நானும் மாறி மாறி மருத்துவமனையில் இருந்தோம். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, மதியம், கஞ்சியை வேண்டாமென்று தள்ளிவிட்டு என்னை அருகில் அழைத்தார்.

"அன்னிக்கு ஆட்டோல போவும்போது மச்சான் ஒரே ஒரு வார்த்த பேசினாரு. 'உனுக்கு அடி படலியே மச்சான்'னு கேட்டாரு."

கடைசியில் என் கணவர் என்ன பேசினார், வலியில் கத்தினாரா, எங்களை நினைத்தாரா என்று எத்தனை நாள் கேட்டுக் கேட்டுச் செத்திருப்பேன்!

"இத்தினி வருசம் இத ஏன்ணா சொல்லல?"

"சொல்லியிருந்தா, 'அவரே என்ன மன்னிச்சிட்டாரு, நீயும் மன்னிச்சிடு'ன்னு கேக்குற மாரி இருந்திருக்கும். அதுக்கு எனுக்கு யோக்கியதை கெடயாதும்மா."

நான் அவர் மார்பில் தலை வைத்து அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அண்ணனுக்கு இரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், முகம் சுளிக்காமல் துடைத்து விட்ட செவிலியருக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த லாரி ஓட்டுநர்களுக்கும், மழையிலும் வந்து நின்ற நெமிலிச்சேரி உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னை விட்டுக்கொடுக்காத அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆண்டுத் திதியன்று அண்ணி வீட்டில் படையல். அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் என் கணவர் படத்தையும் வைக்கிறோம். இருவருக்கும் சேர்த்து ஒரே இலைதான் போடப் போகிறேன். நீங்கள் எல்லோரும் வந்து இருந்து, சாப்பிட்டுப் போக வேண்டும்.