காய்ச்சல் சார்ட்டில் பன்னிரண்டு கம்பெனிகள்

ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டில் கால்மாட்டில் தொங்குமே, காய்ச்சல் சார்ட், அதே தாள்தான். ஆனால் நோயாளியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு சிமெண்ட் கம்பெனியின் பெயர் இருந்தது. வயது என்ற இடத்தில் முப்பத்தொன்று. நோய் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. தேதிகளுக்குப் பதிலாக வருஷங்கள், அவற்றுக்கு மேலே நீல மையில் புள்ளிகள், புள்ளிகளைச் சேர்த்து ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. எங்கள் நர்ஸிங் ஹோம் அச்சடித்தபோது முகவரி தப்பாகிப்போய் மூலையில் கட்டிப் போட்டிருந்த தாள்கள் அவை. என் தோழி அவற்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஏட்டி, இந்த சிமெண்டுக்கு வயித்தால போவுதா?” என்று கேட்டேன். அவள் நிமிரவே இல்லை. “சிரி, சிரி. நார்மலா இருக்கறவனைத்தான் நான் தேடுதேன்” என்றாள்.

அவள் எங்கள் வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர். நான் அவளுக்குக் கீழே வேலை பார்த்தேன் என்றாலும், தூத்துக்குடியில் ஒரே ஆண்டில் நர்ஸிங் முடித்தவர்கள் நாங்கள். ஒரே ரயிலில் டெல்லி நிஜாமுதீனில் வந்து இறங்கினோம். பக்கத்திலேயே போகல் என்ற பகுதியில் ஒரு பர்சாத்தி, அதாவது மொட்டைமாடியில் ஒற்றை அறை, அதில் எனக்குக் கல்யாணமாகும் வரை ஐந்து வருஷம் ஒன்றாக இருந்தோம். ஒரே சம்பளம், ஒரே வாடகை, ஒரே ஸ்டவ். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவளுக்கு வசதி இருந்தது, எனக்கு இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்படி நினைத்தவள் நான் ஒருத்திதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தவர்களுக்குப் பென்ஷன் உண்டு. எங்களுக்குக் கிடையாது. தனியார் நர்ஸிங் ஹோமில் முட்டி தேயும்வரை நிற்கலாம், தேய்ந்த பிறகு ஊருக்குப் போய் அண்ணன் வீட்டு அடுக்களையில் நிற்கலாம். அவளுடைய அத்தை ஒருத்தி அப்படித்தான் நின்றாள். கிறிஸ்துமஸுக்குக் கட்டும் சேலைகூட மதினி தேர்ந்தெடுத்துக் கொடுத்ததுதான். “ஐம்பத்தெட்டு வயசுல நான் வேலைய விடணும். எவன்கிட்டயும் கைநீட்டப்படாது. எவன் சொல்லுக்கும் தலையாட்டப்படாது” என்று அவள் சொல்லும்போது இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்கவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றும் முடிவு செய்திருந்தாள். எனக்கு அது பெரிய திமிராகத் தெரிந்தது.

இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு பாங்க் அதிகாரி விட்டுப்போன இளஞ்சிவப்பு நிறத்து வணிகப் பத்திரிகைகளில்தான் ஆரம்பம். லாபம் வந்தால் கம்பெனிகள் அதில் கொஞ்சத்தைப் பங்குக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன, அதற்கு டிவிடெண்ட் என்று பெயர், பங்கை விற்காமலேயே வருஷா வருஷம் அது வரும் என்பதை அதில் படித்தாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அவளுக்குப் பொருட்டே இல்லை. ஒரு கம்பெனி மோசமான வருஷத்திலும் கொடுத்ததா, பத்து வருஷமாக விடாமல் கொடுத்ததா, அதுதான் கேள்வி. காய்ச்சல் நூற்றுநாலு ஏறி மறுநாள் தொண்ணூற்றேழுக்கு விழுகிறவனை நம்பக் கூடாது என்பாள். மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பகுதிக்குப் பங்கு வாங்குவாள், வருகிற டிவிடெண்டும் மறுபடி பங்காகவே. நாங்கள் லாஜ்பத் நகரில் சுடிதார் வாங்கப் போகும்போது அவள் வருவாள், தொட்டுப் பார்ப்பாள், திரும்பி வருவாள். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்று அவளுக்கு நான் வைத்த பெயர் வார்டு முழுக்கப் பரவியிருந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பதில் சொல்வாள். அதற்கும் சிரிப்போம்.

நானும் பங்கு வாங்காமல் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் கையுறை மாட்டிக்கொண்டே பேசுவதைக் காதில் வாங்கி வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். அவர் நேரு பிளேஸில் ஒரு சின்ன ஆபீஸில் இருந்தார். நான் சொன்னதை வாங்குவார். ஒன்று மூன்று மடங்கு ஏறியது. அந்த வாரம் நாங்கள் பேசிய பேச்சு, அப்பப்பா, பேச்சிலேயே துவாரகாவில் ஃப்ளாட் வாங்கி பால்கனிக்குத் தொட்டிச்செடிகூட வைத்துவிட்டோம். பிறகு அது விழுந்தது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று அவர் கடன் வாங்கி வேறொன்றில் போட்டார், அதுவும் விழுந்தது. ஆசை யாரை விட்டது. அந்தக் கடனை அடைக்க நான் பதினோரு வருஷம் இரட்டை டியூட்டி பார்த்தேன். இன்சார்ஜ் ஒரு நாளும் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொன்னதில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி விழாமல் பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

அவளும் தப்பு செய்தாள். அதைச் சொல்லாமல் புகழ்ந்தால் அவளுக்கே பிடிக்காது. ஒரு கம்பெனியின் சார்ட் அவ்வளவு அழகாக இருக்கும், பதினைந்து வருஷம் புள்ளி கீழே இறங்கினதே இல்லை. சேமிப்பில் ஏறத்தாழ பாதியை அதிலேயே போட்டு வைத்திருந்தாள். எங்களுக்கு ஐம்பத்திரண்டு வயது நடந்தபோது அந்தக் கம்பெனி டிவிடெண்டை நிறுத்தியது, அடுத்த ஆறு மாதத்தில் பங்கின் விலையும் காகித விலைக்கு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்துக்கொண்டு வந்தாள். கடன் வாங்கி டிவிடெண்ட் கொடுத்திருக்கிறான். டப்பாவில் சோறு அப்படியே இருந்தது. கடைசியில் சொன்னாள்: “டிரிப்ல நின்ன பி.பி. ஏட்டி இது. நர்ஸா இருந்துக்கிட்டு, கட்டில் பக்கத்துல பாட்டில் தொங்குதான்னு நான் பாக்கலையே.” அதற்குப் பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஆரஞ்சை உரித்து அவள் கையில் வைத்தேன்.

மறுவாரமே புதுத்தாளில் ஆரம்பித்தாள். எங்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில், அவளுக்கும் இனி பன்னிரண்டு கம்பெனி. ஒவ்வொன்றும் வருஷத்தில் ஒரு மாதச் செலவுக்குத்தான் பொறுப்பு. ஒன்று படுத்தால் ஒரு மாதம் கஞ்சி குடித்துக்கொள்ளலாம், வருஷம் முழுக்கப் பட்டினி கிடக்க வேண்டாம். ஒரே தொழிலில் இரண்டுக்கு மேல் கூடாது. ஆறு மாதச் செலவு பாங்கில் தனியே. டிவிடெண்டைக் காட்டும் நீலப் புள்ளியோடு இப்போது சிவப்புப் புள்ளியும் வந்தது, அது அந்த வருஷம் கம்பெனி கையில் உண்மையாகவே சம்பாதித்த காசு. நீலம் சிவப்பைத் தாண்டினால் டிரிப் ஏறுகிறது என்று அர்த்தம்.

பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டத்துக்கு என்னை ஒருமுறை இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஹால், வாசலில் சமோசாவும் பர்ஃபியும் வைத்த டப்பா கொடுத்தார்கள். பாதிப்பேர் அந்த டப்பாவுக்காக வந்தவர்கள், நான் உட்பட. காலை டியூட்டி முடித்து வெள்ளைச் சேலையோடு வந்திருந்தவள் மைக்கைக் கேட்டு வாங்கினாள். “சேர்மன் சாப், லாபம் குறைஞ்ச வருஷம் டிவிடெண்ட் அதே அளவு குடுத்திருக்கீங்க. பைசா எங்கேயிருந்து வந்தது?” என்று தூத்துக்குடி வாசம் மாறாத ஹிந்தியில் கேட்டாள். மேடையில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரிக்கவில்லை, காகிதத்தைப் புரட்டிப் பதில் சொன்னார். அவள் பதிலைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பார்க்க அவ்வளவு பெருமையாக இருந்தது, என் டப்பாவையும் அவளிடமே கொடுத்துவிட்டேன்.

எங்களுக்கு ஐம்பத்துநாலு வயதில் அது நடந்தது. ஆபரேஷன் முடிந்து எங்கள் வார்டுக்கு வந்த ஒரு பெரியவருக்குப் பிற்பகலில் பி.பி. இறங்க ஆரம்பித்தது. இன்சார்ஜ் டியூட்டி டாக்டருக்கு இரண்டு தடவை போன் செய்தாள். அவர் முதலாளி டாக்டரின் மருமகன். வருகிறேன் என்றார், இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். பெரியவர் போய்விட்டார். சார்ட்டில் எல்லாம் இருந்தது. இறங்கிய பி.பி., நேரம், ‘டாக்டருக்குச் சொல்லப்பட்டது’ என்று இரண்டு இடத்தில் அவள் கையெழுத்து.

மறுநாள் காலை முதலாளி டாக்டர் அந்த ஷிஃப்டில் இருந்த நாலு பேரையும் கூப்பிட்டார். மேஜை மேல் புதுச் சார்ட் தாள் ஒன்று வெறுமையாக இருந்தது. சத்தம் போடவில்லை, நல்லபடியாகத்தான் பேசினார். நர்ஸிங் ஹோமின் பெயர், நாற்பது பேரின் வேலை, எல்லாம் சொன்னார். பி.பி. நார்மலாக இருந்து திடீரென்று போனதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இன்சார்ஜ் தாளைத் தொடவில்லை. “நஹீ ஹோகா, சார்” என்று மறுத்துவிட்டாள். யோசித்துக்கொள்ளுங்கள் சிஸ்டர் என்றார். யோசித்துவிட்டேன் என்றாள். அவர் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், மகள் பன்னிரண்டாம் வகுப்பு, கடனில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. நான் எழுதினேன். அவள் நான் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். பிறகு லாக்கரிலிருந்து செருப்பையும் டிஃபன் பையையும் எடுத்துக்கொண்டு போனாள். முப்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு ஒரு சால்வை கிடையாது, ஒரு டீ கிடையாது. போன கையோடு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தப் பெரியவரின் மகனிடம் கொடுத்திருக்கிறாள். அவர்கள் டாக்டருடன் பேசி முடித்துக்கொண்டார்கள் என்று கேள்வி. விஷயம் பரவியதில் அவளை வேறு எந்த நர்ஸிங் ஹோமும் எடுக்கவில்லை.

ஒரு வருஷம் நான் அவள் முகத்தில் விழிக்கவில்லை. சர்ச் பூசைக்குக்கூட வேறு நேரத்தில் போனேன். கடைசியில் அவளே கிறிஸ்துமஸுக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் வார்டில் யாராவது அவள் பேச்சை எடுத்தால் எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. “அவளுக்கென்ன, ஷேர்ல பணம் கொட்டுது. உதறிட்டுப் போவ முடிஞ்சுது. நமக்கு முடியுமா?” ஒன்பது வருஷம் இதைச் சொன்னேன். பிறரிடம் சொன்னதைவிட எனக்கே அதிகம் சொன்னேன். அது ஆறுதலாக இருந்தது.

இந்த ஏப்ரலில் அவளுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். தன் வருமானம் வரி வரம்புக்குள்தான் இருக்கிறது, டிவிடெண்டில் வரி பிடிக்க வேண்டாம் என்று வருஷா வருஷம் கம்பெனிகளுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். கண் தெரியவில்லை, வந்து நிரப்பிக் கொடு என்று கூப்பிட்டாள். இப்போது அவள் இருப்பது பழைய பர்சாத்திக்கு இரண்டு சந்து தள்ளி இன்னும் சின்ன அறை. லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். ஆண்டு மொத்த வருமானம் என்ற கட்டத்துக்கு அவள் தொகையைச் சொன்னாள். தட்டச்சு செய்துவிட்டு நிறுத்தினேன். நான் ஓய்வு பெற்றபோது வாங்கிய வருஷச் சம்பளத்தில் பாதிகூட வரவில்லை அது.

“என்ன ஏட்டி, நம்பர் தப்பா?”

“இல்ல. அன்னைக்கு நீ வேலைய விட்டப்ப இவ்வளவு வந்துச்சா?”

“இதுல பாதி வந்திருந்தா பெருசு. அதான் ஒருத்தன் படுத்துட்டானே. நெனச்ச ஐம்பத்தெட்டுக்கும் நாலு வருஷம் கொறையா இருந்துச்சு.”

“பொறவு எப்படி இருந்த?”

“வீடு வீடா ஊசி போட்டேன். வயசானவங்களுக்குக் கட்டு மாத்தினேன். காலைல ஆறு மணிக்குக் கெளம்பினா மத்தியானம் வந்துருவேன். உனக்குத் தெரியாதோ?”

எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. அவளுக்கு அன்றைக்குக் கையில் இருந்தது எனக்கு இருந்ததைவிடக் குறைவு. எனக்காவது மறுமாதச் சம்பளம் இருந்தது. “ஒன்கிட்ட பணம் இருக்கு, அதான் போறன்னு நெனச்சேன் ஏட்டி. இத்தனை வருஷமா” என்றேன்.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலேயே சிரித்தாள். “நானும் அப்படித்தாம்ட்டி நெனச்சேன். வெளிய வந்தப்பொறவுதான எண்ணிப் பாத்தேன். முன்னாலயே தெரிஞ்சிருந்தா நானும் எழுதிக் குடுத்துட்டு ஒன் பக்கத்துல நின்னுருப்பேன்.”

எண்ணிப் பார்க்காமல் இருந்தாளாம். பன்னிரண்டு கம்பெனியின் முப்பது வருஷத்துப் புள்ளியை மனப்பாடமாகச் சொல்கிறவள். எனக்குத் தெரிந்து அவள் சொன்ன ஒரே பொய் அது, அதை எனக்காகச் சொன்னாள். அடுத்த கம்பெனியின் பெயரைச் சொல்லு என்றேன்.